நார்த் கரோலைனா மெடிக்கெய்ட்: சின்ன கிளினிக்கை நடத்துகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிழக்கு நார்த் கரோலைனாவில், புகையிலையும் சர்க்கரைவள்ளியும் விளைகிற ஒரு சிற்றூரில் எங்கள் கிளினிக் இருக்கிறது. என் கணவர் குடும்ப மருத்துவர். கூட ஒரு நர்ஸ் பிராக்டிஷனர், இரண்டு மெடிக்கல் அசிஸ்டென்ட், முன்மேசையில் ஒரு பெண். மீதி எல்லாம் நான். "ஆறு மாசம் பார்த்துக்கோ, அப்புறம் ஆள் போட்டுக்கலாம்" என்ற பேச்சை நம்பி ஐ.டி. வேலையை விட்டு வந்தவள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

எங்கள் நோயாளிகளில் பெரும்பகுதி மெடிக்கெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடு. மாநில அரசு இதில் மாற்றம் கொண்டுவரும்போதெல்லாம் நாங்கள் ஒருமுறை அடிபட்டிருக்கிறோம். சில மாதம் பணமே வராமல் வீட்டுச் சேமிப்பிலிருந்து சம்பளம் போட்டதும் உண்டு. டாக்டர் கணவருக்கோ மனைவிக்கோ தங்கைக்கோ கிளினிக் நிர்வாகம் பார்க்க இறங்கியிருப்பவர்கள், இங்கே பில்லிங் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள், திருச்சியிலும் சென்னையிலும் ராத்திரி ஷிஃப்டில் எங்கள் கிளெயிம்களை, அதாவது வைத்தியத்துக்குப் பணம் கேட்டு அனுப்பும் பில்களை, துரத்துகிறவர்கள், எல்லாருக்கும்தான் இது. வேறு மாநிலம் என்றால் பெயர்கள் மாறும். வேலை ஏறக்குறைய இதேதான்.

1. யார் உங்களுக்குப் பணம் தருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

"மெடிக்கெய்ட்தானே, அரசாங்கம் தரும்" என்றுதான் நானும் நினைத்தேன். 2021 ஜூலை 1 முதல் இங்கே பெரும்பாலான நோயாளிகள் தனியார் திட்டங்களின் கையில் இருக்கிறார்கள். ஸ்டாண்டர்ட் பிளான் என்று சொல்லப்படுகிற ஹெல்தி புளூ, அமெரிஹெல்த் காரிடாஸ் போன்றவை ஒரு பக்கம். தீவிர மனநலப் பிரச்சினை, போதைப் பழக்கம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 2024 ஜூலையில் வந்த டெய்லர்ட் பிளான்கள் இன்னொரு பக்கம். எங்கள் பகுதியில் அது ட்ரில்லியம். இரண்டிலும் சேராதவர்களுக்கு மாநிலமே நேரடியாகத் தருகிறது, அதற்குப் பெயர் மெடிக்கெய்ட் டைரக்ட்.

ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனி போர்ட்டல், தனி முன்அனுமதி விதி. வங்கிக் கணக்கில் பணம் விழுவதற்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். மாநிலத்துக்குக் கொடுத்த வங்கி விவரம் திட்டங்களுக்குத் தானாகப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். எங்களுக்கு ஒரு திட்டத்திலிருந்து இரண்டு மாதம் காகிதக் காசோலையாக, அதுவும் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

தாளில் ஐந்து கட்டம் போதும்: திட்டத்தின் பெயர், ஒப்பந்த எண், எந்தத் தேதியிலிருந்து செல்லும், கிளெயிம் அனுப்ப எத்தனை நாள் கெடு, பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது. கடைசிக் கட்டத்தில் பொது எண்ணை எழுதாதீர்கள். ஒவ்வொரு திட்டத்திலும் உங்கள் பகுதிக்கென்று, கிளினிக்குகளோடு பேசுவதற்கே ஒரு புரொவைடர் ரிலேஷன்ஸ் ஆள் இருப்பார். அவருடைய பெயரும் மின்னஞ்சலும் வேண்டும்.

2. காகிதங்களை ஒரே இடத்தில் சேருங்கள்

மாநிலத்தில் பதிவதற்கான தளம் என்சிடிராக்ஸ். அதில் நுழைய என்சிஐடி என்று ஒரு மாநில அடையாளக் கணக்கு வேண்டும். கணக்கைத் தொடங்குபவர் "ஆபீஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" ஆகிவிடுவார். அவர்தான் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட முடியும். வேலையை விட்டுப் போகக்கூடிய ஊழியர் பெயரில் இதைத் தொடங்கவே கூடாது. எங்களுக்கு முந்தைய மேலாளர் தன் பெயரில் வைத்துக்கொண்டு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். அதை மாற்றவே மூன்று வாரம் ஆனது.

கையில் இருக்க வேண்டியவை: டாக்டரின் தனி என்பிஐ எண் (நாடு முழுக்கச் செல்லும் அடையாள எண்), கிளினிக்கின் அமைப்பு என்பிஐ எண், மாநில மருத்துவ உரிமம், டிஇஏ சான்று (கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளை எழுத), மால்பிராக்டிஸ் காப்பீட்டுச் சான்று (தவறான சிகிச்சை என்று வழக்கு வந்தால்), வரித்துறை உங்கள் நிறுவனத்துக்கு எண் கொடுத்தபோது அனுப்பிய மூலக்கடிதம், டபிள்யூ-9 படிவம், வங்கிக் கடிதம். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது மட்டும்தான் என்றாலும், பரிசோதனை செய்வதற்கான கிளியா சான்று வேண்டும். அது இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது.

அப்புறம் உரிமையாளர் விவரம். 5 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர்கள், நிர்வாகம் பார்க்கிறவர்கள் எல்லாருடைய பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கொடுக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் வழுக்கி விழுவது. "நான் சம்பளம் வாங்கவில்லையே, வீட்டுக்காரிதானே" என்று என் பெயரைப் போடாமல் விட்டேன். நிர்வாகம் பார்த்தால் நீங்கள் நிர்வாகிதான். சம்பளம் வாங்குகிறீர்களா என்பது கேள்வியே இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. மாமனார் முதல் போட்டுப் பங்கு வைத்திருந்தால் அவர் பெயரும் வரவேண்டும்.

செலவு: முதல்முறை பதிவதற்கும் மறுபதிவுக்கும் மாநிலக் கட்டணம் 100 டாலர். மருத்துவமனை, ஹோம் ஹெல்த் போன்ற நிறுவன வகைகளுக்கு இதற்கு மேல் கூட்டாட்சிக் கட்டணமும் உண்டு. 2025-இல் அது 730 டாலர். சாதாரண டாக்டர் கிளினிக்குக்கு அது கிடையாது. யாராவது ஏஜென்ட் அதைச் சேர்த்துப் பில் போட்டால் ஏன் என்று கேளுங்கள்.

நேரம்: எங்களுக்கு மாநிலப் பதிவு ஏழு வாரம், அதற்குப் பிறகு திட்டங்களின் ஒப்பந்தம் மூன்று முதல் நான்கு மாதம். புது டாக்டரைச் சேர்க்கிறீர்களா? அவர் வேலைக்கு வரும் நாளிலிருந்து பின்னோக்கி ஆறு மாதம் எண்ணித் தொடங்குங்கள். அவரைத் தனியாகப் பதிந்தால் மட்டும் போதாது, உங்கள் கிளினிக்கோடு இணைக்க வேண்டும். இணைப்பு விட்டுப்போனால் அவர் பார்த்த ஒவ்வொரு நோயாளியின் கிளெயிமும் திரும்பும்.

மறுபதிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. அறிவிப்பு என்சிடிராக்ஸ் உள்பெட்டிக்குத்தான் வரும். தவறவிட்டால் முதலில் நிறுத்திவைப்பார்கள், அப்புறம் பதிவே போய்விடும். நிறுத்திவைத்த நாட்களில் நோயாளியைப் பார்த்தால் அது தர்ம வைத்தியம்தான்.

3. டாக்சானமி கோடு: என் எட்டு மாத நிம்மதியைத் தின்ற பத்து எழுத்துகள்

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் எந்தத் துறை என்பதைச் சொல்லும் பத்து எழுத்துக் குறியீடுதான் டாக்சானமி. என்பிஐ வாங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்போம், அத்தோடு மறந்திருப்போம். நார்த் கரோலைனாவில் கிளெயிமில் போகும் டாக்சானமி, என்சிடிராக்ஸில் அந்த டாக்டருக்கும் அந்த முகவரிக்கும் பதிந்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். கிளினிக்கின் டாக்சானமி ஒன்று, பார்த்த டாக்டரின் டாக்சானமி ஒன்று, இரண்டுமே.

எங்கள் நர்ஸ் பிராக்டிஷனர் பார்த்த கிளெயிம்கள் திடீரென்று திரும்ப ஆரம்பித்தன. திட்டத்தைக் கூப்பிட்டால் மாநிலத்தைக் கேளுங்கள் என்றார்கள். மாநிலத்தைக் கூப்பிட்டால் எங்கள் பக்கம் எல்லாம் சரி, திட்டத்தைக் கேளுங்கள் என்றார்கள். மென்பொருள் நிறுவனம் டிக்கெட் போடச் சொன்னது. கடைசியில் கண்டுபிடித்தது, எங்கள் பில்லிங் பார்க்கும் திருச்சிப் பையன். இங்கே மத்தியானம், அங்கே நடுராத்திரி. "அக்கா, இவங்க பழைய வேலையில பீடியாட்ரிக் நர்ஸ் பிராக்டிஷனர்னு போட்டிருக்காங்க. நாம ஃபேமிலின்னு அனுப்புறோம். என்பிஐ சைட்ல ஃபேமிலி இருக்கு, என்சிடிராக்ஸ்ல பீடியாட்ரிக்தான் இருக்கு. பாருங்க." பார்த்தேன். அதேதான்.

திருத்துவதற்குப் பெயர் மேனேஜ் சேஞ்ச் ரிக்வெஸ்ட். போட்டால் போதும், ஆனால் நடைமுறைக்கு வரும் தேதியைக் கவனியுங்கள். இன்றைய தேதியிலிருந்து என்று போட்டுவிட்டால் முன்பு திரும்பிய கிளெயிம்கள் அப்படியே கிடக்கும்.

இதில் ஒரு நல்லதும் உண்டு. என்சிடிராக்ஸில் இருக்கும் தகவல்தான் கோப்பாகத் திட்டங்களுக்குப் போகிறது. அங்கே சரியாக இருந்தால் பாதித் தலைவலி போய்விடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மத்தியானத்தை ஒதுக்கி என்பிஐ தளம், என்சிடிராக்ஸ், உங்கள் மென்பொருள் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், முகவரி, ஸூட் எண், டாக்சானமி, உரிமம் முடியும் தேதி. ஒன்றில் "ஸூட் பி" என்றும் இன்னொன்றில் வெறும் கதவெண்ணும் இருந்தால்கூட மாற்றிவிடுங்கள்.

வெளிநாட்டு பில்லிங் ஆள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நோயாளித் தகவலை அமெரிக்காவுக்கு வெளியே பார்க்க அனுமதி உண்டா என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தேடிப் படியுங்கள். சிலவற்றில் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும், சிலவற்றில் கூடவே கூடாது. எங்களுக்கு ஒரு திட்டம் மறுத்துவிட்டது. அதன் கிளெயிம்களை நானே உட்கார்ந்து போடுகிறேன்.

4. ஒவ்வொரு முறையும் தகுதியைப் பாருங்கள், புதுப்பிக்கும் மாதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்

அட்டையை நம்பாதீர்கள். நோயாளி பையில் வைத்திருப்பது போன வருடத்துத் திட்டத்தின் அட்டையாக இருக்கும். என்சிடிராக்ஸில் பார்த்தால் இன்றைக்குத் தகுதி இருக்கிறதா, எந்தத் திட்டம், முதன்மை மருத்துவராக யார் பெயர் இருக்கிறது என்று மூன்றும் தெரியும். வேறு கிளினிக்கின் பெயர் இருந்தால் நோயாளியை விட்டே திட்டத்துக்குப் போன் பேசி மாற்றச் சொல்லுங்கள். நோயாளியின் பொறுப்பை ஏற்றிருக்கும் கிளினிக்குக்கு மாதாமாதம் தரும் மெடிக்கல் ஹோம் கட்டணம் யாருக்குப் போகிறது என்பது அந்தப் பெயரை வைத்துத்தான் முடிவாகிறது. நீங்கள் வைத்தியம் பார்க்க, பக்கத்து ஊர் கிளினிக் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டிருக்கும்.

2023 டிசம்பர் 1 முதல் 19-இலிருந்து 64 வயது வரை, வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ளவர்களும் இதில் வந்தார்கள். இதைத்தான் விரிவாக்கம் என்கிறார்கள். 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு மாதம் ஏறக்குறைய 1,800 டாலர். கோழிப் பண்ணை, கட்டட வேலை, கடைக் கல்லா என்று இருப்பவர்கள். மாநிலம் முழுக்க ஒரே வருடத்தில் 6 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தார்கள். இவர்களுக்குத்தான் அடுத்த அடி வரப்போகிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, 2026 கடைசியிலிருந்து இவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அல்ல, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

தகுதி இருந்தும் காப்பீட்டை இழப்பவர்கள் பலர். கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும், 30 நாள் கெடு தாண்டியிருக்கும், அவ்வளவுதான். காகிதம் கொடுக்காததால் நின்றுபோனால், நின்ற நாளிலிருந்து 90 நாளுக்குள் அதைக் கொடுத்தால் புது விண்ணப்பம் இல்லாமலே பரிசீலிக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது. கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னாலும் இந்த 90 நாள் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. இதுவரை விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாத வைத்தியச் செலவையும் மெடிக்கெய்ட் ஏற்கும். 2027 ஜனவரி முதல் புதிதாகச் சேர்ந்த இந்தப் பெரியவர்களுக்கு அது ஒரு மாதம்தான், மற்றவர்களுக்கு இரண்டு மாதம். "அப்புறம் அப்ளை பண்ணிக்கலாம்" என்று காப்பீடில்லாதவரை அனுப்பிவிடும் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்துங்கள்.

எங்கள் முன்மேசையில் செய்வது இதுதான். கோப்பின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர், அதில் புதுப்பிக்கும் மாதம். வருகிறவர்களிடம் "வீடு மாறினீங்களா, போன் நம்பர் மாறிச்சா" என்று ஒவ்வொரு முறையும் கேட்பது. மாறியிருந்தால் அங்கேயே உட்கார வைத்து ஈபாஸ் என்ற மாநிலத்தின் இணையதளத்தில் முகவரியை மாற்றச் சொல்வது. ஐந்து நிமிடம் பிடிக்கும்.

5. மொழி: சுவரொட்டி வேறு, மொழிபெயர்ப்பாளர் வேறு

சம வாய்ப்பு, சமத்துவம் என்று திட்டங்கள் நடத்தும் பயிற்சிகளில் நிறைய ஸ்லைடு காட்டுவார்கள். ஒரு சின்ன கிளினிக்குக்கு அதில் முதல் வேலை இதுதான் என்பேன்.

கூட்டாட்சி நிதி வாங்கும் எந்த கிளினிக்குக்கும், நோயாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற சட்டப் பிரிவு 1557 பொருந்தும். ஆங்கிலம் சரியாக வராத நோயாளிக்குத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை நீங்கள் இலவசமாகத் தரவேண்டும். குழந்தைகளை வைத்து மொழிபெயர்க்கக் கூடாது; உயிர்போகிற அவசரத்தில் வேறு ஆள் இல்லாதபோது மட்டும் விலக்கு. முக்கியமான காகிதங்களை இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்தால் தகுதியுள்ள மனிதர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். 15 ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால் இதற்கென ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். மொழி உதவி இலவசம் என்ற அறிவிப்பு, மாநிலத்தில் அதிகம் பேசப்படும் 15 மொழிகளில் இருக்க வேண்டும். எங்கள் சுவரில் குஜராத்தியும் இந்தியும் உண்டு, தமிழ் இல்லை. அதற்காக வருத்தப்படலாம், ஆனால் தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி வந்தால் அவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தரவேண்டும் என்ற கடமை அப்படியேதான் இருக்கும். டாக்டருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

செலவு நிமிடக் கணக்கில். குறைந்தபட்ச மாதக் கட்டணம் கேட்காத தொலைபேசிச் சேவையைத் தேடுங்கள். எங்களுக்கு ஸ்பானிஷ் அதிகம் என்பதால், அடுத்த ஊழியரைத் தேர்ந்தெடுக்கும்போது இருமொழி தெரிந்தவராகப் பார்த்து, மருத்துவ மொழிபெயர்ப்புத் தேர்வு எழுதவைத்தோம். அது முதல் வருடத்திலேயே கட்டுப்படியானது.

6. வாழ்க்கைத் தேவைக் கேள்விகள்: யாரிடம், எங்கே வைத்துக் கேட்கிறீர்கள்

சாப்பாடு, வீடு, போக்குவரத்து, வீட்டில் பாதுகாப்பு பற்றி மாநிலமே கேள்விகள் வைத்திருக்கிறது. கடந்த 12 மாதத்தில், கையில் பணம் வருவதற்குள் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பது அதில் ஒன்று.

ஆரம்பத்தில் இந்தத் தாளைக் கிளிப்போர்டில் மாட்டி, காத்திருக்கும் அறையிலேயே கொடுத்தோம். வந்த தாள்களில் எல்லாம் "இல்லை, இல்லை, இல்லை". எங்கள் கவுன்டியில் யாருக்குமே குறை இல்லை போலிருக்கிறது என்று நானே நம்பியிருப்பேன். ஒரு நாள் ஹோண்டுராஸிலிருந்து வந்த ஒரு பெண். எட்டு வயதுப் பையன்தான் அவளுக்காகப் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். உணவுக் கேள்வி வந்ததும் அவன் சத்தத்தைக் குறைத்தான். அவள் அவனைப் பார்த்தபடி இல்லை என்று தலையாட்டினாள். உள்ளே அறையில், பையனை எடை பார்க்க அனுப்பிவிட்டு, போன் மொழிபெயர்ப்பாளர் மூலம் அதே கேள்வியைக் கேட்டார் எங்கள் மெடிக்கல் அசிஸ்டென்ட். மாதக் கடைசியில் அவள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுகிறாள் என்று தெரிந்தது. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு.

அன்றிலிருந்து கேள்விகள் அறைக்குள், தனியாக, வாய்மொழியாக. பாதுகாப்பு பற்றிய கேள்வியைக் கணவன் இருக்கும்போது கேட்கவே கூடாது.

பதில் வந்தால் குறியீடு போடுங்கள்: உணவுக்கு இசட்59.41, போக்குவரத்துக்கு இசட்59.82. இதற்கென்று தனிப் பணம் வராது, முதல் நோய்க் குறியீடாகவும் போடக் கூடாது. ஆனால் உங்கள் நோயாளிகள் எவ்வளவு சிரமத்தில் இருக்கிறார்கள் என்பதற்குக் கிளெயிமில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

கேட்ட பிறகு கையை விரிக்கக் கூடாது, அதனால் பட்டியல் தயாராக இருக்கட்டும். எங்கள் பகுதியில் ஹெல்தி ஆப்பர்ச்சுனிட்டீஸ் என்ற முன்னோட்டத் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது. மெடிக்கெய்ட் பணத்திலேயே காய்கறிப் பெட்டி, வீட்டுப் பழுது, போக்குவரத்து. 33 கவுன்டிகளில் நடந்தது. நன்றாகவும் நடந்தது. சட்டமன்றம் பணம் ஒதுக்காததால் 2025 ஜூலை 1 அன்று சேவைகள் நின்றன. வாராவாரம் பெட்டி வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா ஜூலை முழுக்க வியாழக்கிழமை தோறும் போன் பண்ணி "இந்த வாரம் லேட்டா?" என்று கேட்டார்.

அதனால் பட்டியலில் முன்னோட்டத் திட்டங்களை மட்டும் நம்பாதீர்கள். நோயாளியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வரும் வண்டி மெடிக்கெய்ட்டின் அடிப்படை உரிமை, அது இன்னும் இருக்கிறது. இரண்டு வேலைநாள் முன்பே திட்டத்தைக் கூப்பிட்டுப் பதிய வேண்டும். உணவுக்கு கவுன்டியின் எஃப்என்எஸ் உதவி, கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் விக் என்ற உணவுத் திட்டம், அப்புறம் சர்ச்சுகளின் உணவு வங்கி, அது எந்தக் கிழமை திறக்கும் என்பதோடு. குழந்தை பெற்ற பெண்ணுக்கு 12 மாதம் வரை மெடிக்கெய்ட் தொடரும் என்பதையும் அதே தாளில் போடுங்கள். ஆறு வாரத்தோடு முடிந்தது என்று நினைத்து வராமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

7. இனம், மொழி பற்றிய பதிவு

யாருக்கு ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இருக்கிறது, யாருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்பதை இனவாரியாக, மொழிவாரியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் சமத்துவ அறிக்கையின் சாரம். பதிவு தப்பென்றால் அறிக்கையும் குப்பை.

எங்கள் முன்மேசைப் பெண் ஒரு காலத்தில் "இந்தியன்" என்று சொன்ன எல்லாரையும் அமெரிக்கன் இந்தியன் கட்டத்தில் போட்டுவைத்திருந்தாள். கேரி நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்திருந்த கும்பகோணத்து மாமா ஒருவர் இந்த மண்ணின் பூர்வகுடி ஆகிவிட்டார். சிரித்தோம். ஆனால் எங்களிடம் உண்மையான பூர்வகுடி நோயாளிகளும் வருகிறார்கள். பழங்குடியினருக்கான மருத்துவச் சேவைக்குத் தகுதியுள்ளவர்களிடம் மெடிக்கெய்ட்டில் கோபே, அதாவது நோயாளி கையிலிருந்து தரும் சிறு தொகை, வாங்கக் கூடாது. தப்புக் கட்டம் என்றால் பணக் கணக்கும் தப்பும். கண்ணால் பார்த்து ஊகித்துப் போடாமல், நோயாளியையே கேட்டுப் போடச் சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

கோபே பற்றி ஒரு வரி: 4 டாலர்தான். கையில் இல்லை என்று சொல்கிற ஏழையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

மெடிக்கெய்ட் பணம் வாங்கும் கிளினிக் மாநிலத்தின் ஹெல்த்கனெக்ஸ் என்ற நோயாளித் தகவல் பரிமாற்ற அமைப்பில் இணைய வேண்டும் என்பதும் சட்டம். மாநிலம் கட்டணம் கேட்பதில்லை. உங்கள் மென்பொருள் நிறுவனம் கேட்கலாம், எனவே மென்பொருள் ஒப்பந்தம் போடும் முன்பே அதை எழுதி வாங்குங்கள்.

8. பணத்தைப் பற்றிக் கண்டிப்பாக இருங்கள்

2025 அக்டோபர் 1 அன்று மாநிலம் மெடிக்கெய்ட் கட்டணத்தை 3 முதல் 10 சதவீதம் வரை குறைத்தது. டிசம்பரில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நடுவில் உள்ள வாரங்களில் நான் கற்றது இரண்டு. ஒன்று, இரண்டு மாதச் சம்பளத்துக்கு வங்கியில் கடன் வரம்பை நல்ல காலத்திலேயே வாங்கி வைக்க வேண்டும். இருப்பு குறைந்த பிறகு போனால் வங்கிக்காரர் முகமே வேறு. இரண்டு, முன்னோட்டத் திட்டப் பணத்தில் நிரந்தர ஊழியரை எடுக்கக் கூடாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு அமைப்பு அப்படி எடுத்து, பிறகு ஒரே நாளில் ஐந்து பேரை அனுப்பியது.

தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று: விரிவாக்கத்துக்கான செலவில் கூட்டாட்சியின் பங்கு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்த மாநிலத்தில் விரிவாக்கம் தானாக முடிவுக்கு வரும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நோயாளிகளில் எத்தனை பேர் அந்த வகை என்று கணக்கெடுத்து வையுங்கள்.

9. 2027-க்கு இப்போதே செய்ய வேண்டியது

2027 ஜனவரி 1-க்குள் விரிவாக்கப் பிரிவினர் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ தொண்டோ செய்வதாகக் காட்ட வேண்டும். மாதம் 580 டாலர் சம்பாதித்தாலும் போதும். 13 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தையை வளர்ப்பவர்கள், கர்ப்பிணிகள், உடல்நிலை மிகவும் நலிந்தவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. ஆர்கன்சாஸ் 2018-இல் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தபோது 18,000-க்கும் மேற்பட்டவர்கள் காப்பீட்டை இழந்தார்கள். வேலையே செய்துகொண்டிருந்தும் அதைத் தெரிவிக்கும் முறை புரியாமல் மாட்டியவர்கள் அதில் உண்டு.

கிளினிக்கின் வேலை அந்த "நலிந்தவர்" என்ற சொல்லில் இருக்கிறது. போதைப் பழக்கம், தீவிர மனநோய், சிக்கலான நாள்பட்ட நோய் எல்லாம் அதற்குள் வரும். மாநிலம் தன்னிடமுள்ள தகவலை வைத்தே முடிந்தவரை விலக்குத் தரவேண்டும் என்கிறது சட்டம். அந்தத் தகவலில் நாம் அனுப்பும் கிளெயிமும் சேர்த்தி. அதனால் ஒருவருக்கு மனச்சோர்வு, சிறுநீரகக் கோளாறு, மூட்டுவலி மூன்றும் இருக்க, வந்த காரணம் இருமல் என்று ஒன்றை மட்டும் போட்டு அனுப்புகிற அவசரத்தை விடவேண்டும். அன்றைக்கு டாக்டர் கவனித்த எல்லா நோயையும் கிளெயிமில் போடுங்கள். கவனிக்காததைப் போடாதீர்கள், அது வேறு வம்பு.

2026 அக்டோபர் 1 முதல், அகதிகளாகவும் தஞ்சம் பெற்றும் வந்தவர்கள் பலருக்கு மெடிக்கெய்ட் தகுதி போகிறது. உங்கள் நோயாளிகளில் அப்படிப்பட்டவர்கள் யார் என்ற பட்டியலையும் எடுங்கள். இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் பெற்ற குடும்பங்களும் அதில் இருக்கக்கூடும். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு வழிகாட்டுங்கள். அந்தக் கேள்விக்கான பதிலை நோயாளியின் கோப்பில் எழுதாதீர்கள்.

நாங்கள் இந்த மாதம் தொடங்கியது: மருந்து வாங்க மாதாமாதம் வருகிற நோயாளிகளை எடுத்து, நாளைக்கு நான்கு பேர் வீதம், நோய்ப் பட்டியலைச் சரிபார்க்கிறோம். சாப்பாட்டு இடைவேளைக்கு முன் கணவர் பத்து நிமிடம் கணினி முன் உட்கார வேண்டும். முதல் நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள், டயாலிசிஸ் போய்க்கொண்டிருக்கும் ஒருவருடைய பட்டியலில் வெறும் "கால் வீக்கம்" என்று மட்டும் இருந்ததைப் பார்த்தபிறகு, அவரே வந்து உட்கார்ந்துவிடுகிறார்.